முசே அல்போன்ஸின் வைரங்கள்

லூர்துபிரகாஷுக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும், "ஓடுதுல்ல, விடு" என்பதில் மட்டும் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. அவன் கடையின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். காற்று வருகிறதா, வருகிறது, விடு. வண்டி ஏழு உதை வாங்கினால்தான் கிளம்பும். கிளம்புகிறதா, கிளம்புகிறது, விடு. விசிறியோடும் வண்டியோடும் இது நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இணையதளம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு என்பதால்தான் வம்பு வந்தது.

கருவடிக்குப்பம் பெத்தாங் கழகத்துக்கு 2012இல், கல்லூரி முடித்த சூட்டோடு, ஒரு தளம் செய்து கொடுத்தான். தரையில் கிடக்கும் குட்டி மரக்குண்டுக்கு யார் எறிந்த இரும்புக்குண்டு பக்கத்தில் விழுகிறது என்று குனிந்து குனிந்து பார்த்துச் சண்டை போடுவதுதான் பெத்தாங். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியபோது எடுத்துப்போக மறந்த சாமான்களில் ஒன்று. கழகத்தில் பாதிப்பேர் மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர்கள். மீதிப்பேர் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தது என்று தளத்தில் வரும். அதற்குக் கீழே உறுப்பினர்கள் கருத்து எழுதலாம்.

அந்தக் கருத்துப் பெட்டியை லூர்து சொந்தமாக எழுதவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக விட்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை இறக்கி ஒட்டிவிட்டான். அதில் தப்பே இல்லை, உலகமே அப்படித்தான் செய்கிறது. கடையில் இட்லி மாவு வாங்குகிற மாதிரி. ஆனால் பதிமூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய மாவை இன்னமும் ஊற்றிக்கொண்டிருந்தானே, அதுதான் தப்பு.

இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சிந்தியா. பெரிய நிறுவனங்களின் தளங்களில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிச் சொல்வது அவள் உத்தியோகம். அதற்குச் சம்பளம் உண்டு. லூர்துவின் தளங்களில் தேடிச் சொல்வது காதல். அதற்குச் சம்பளம் கிடையாது.

"லைப்ரரிய அப்டேட் பண்ணியா?" என்பாள், சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி.

"ஓடுதுல்ல."

"ஓடும். திருடன் உள்ள வந்தாலும் வீட்டு ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருக்கும்."

மூன்று வருடக் காதலுக்குக் குறுக்கே நின்றது சாதியுமில்லை, மதமுமில்லை. நின்றவர் அவள் அப்பா, ஊரே 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கூப்பிடும் முசே அல்போன்ஸ். பிரெஞ்சுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே அதிர்ந்து பேசமாட்டார். யாராவது வணக்கம் சொன்னால் தொப்பியை ஒரு விரற்கடை தூக்குவார், அவ்வளவுதான். அவரிடம் போய்ப் பெண் கேட்க லூர்து மூன்று வருடமாக நல்லநாள் பார்த்துக்கொண்டிருந்தான். சிந்தியாதான் கடைசியில் நாள் குறித்தாள்.

"இந்த ஞாயித்துக்கெழம அப்பாவ கழகத்துக்குத் தலைவராக்கறாங்க. போட்டியே இல்ல. அவரு சந்தோஷமா இருக்கற நாள்னு நான் பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல. அன்னைக்கு வந்தாதான் உண்டு. சாயந்தரம் வீட்டுக்கு வந்து கேட்டுடு. வுட்டியானா எங்கம்மா சூசைமேரி காலாப்பட்டுல ஒரு ப்ரொஃபசர் மாப்பிள்ளய கையில வச்சிருக்காங்க."

போட்டியில்லாமல் அல்போன்ஸ் எப்படித் தலைவராகிறார் என்று யாரும் கேட்கலாம். எல்லாம் வைரத்தின் மகிமை.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல், ஆளுக்கு ஒரு வரி எழுதித் தளத்தில் போடுவார். எழுதி அனுப்பினால் அனுப்பியதுதான். திரும்பப் படிக்கிற வழக்கமே அவருக்கு இல்லை. எழுதிய கடிதத்தை இரண்டாம் தரம் படிப்பது தன்மேல் நம்பிக்கை இல்லாதவன் செய்கிற வேலை என்பது அவர் அலுவலகத்தில் கற்றுக்கொண்ட பாடம். அந்த வரிகளில் இரண்டு கூர்முனைகள் சேர்ந்தாற்போல் ஒரு சின்ன வைரக்குறி விழும். "நாராயணசாமியின் இன்றைய ஆட்டம் ◇ ஆட்டம்தான்." "செல்வாம்பாள் குறி பார்க்கும் அழகை ◇ கடவுளே இறங்கி வந்து பார்ப்பார்." யாரைப் பாராட்டினாலும் ஒரு வைரம். மிகவும் பிடித்துப்போனால் இரண்டு.

"முசே எனக்கு ரெட்ட வைரம் வச்சிட்டாரு" என்று ஆட்கள் தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்த நாராயணசாமி ஆறு வருடத்தில் நாற்பத்தொரு வைரம் வாங்கி முன்னணியில் இருந்தார். அவருக்கு எதிரே கழகத்தில் யாரும் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார்கள். அது என்ன குறி என்று லூர்துவும் ஒருநாள் யோசித்ததுண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். தளம் ஓடியது, விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை செல்வாம்பாள் போன் செய்தாள்.

"தம்பி, நம்ம கழகத்த தட்டுனா ரம்மி ஆட கூப்புடுதுப்பா. ஒரு பொம்பள வேற சிரிக்கிறா."

"உங்க போன்ல எதாச்சும் கோளாறா இருக்கும்க்கா."

"என் போன்லதான் கோளாறுன்னா, பதினஞ்சு பேரு போன்லயும் அதே பொம்பளையா சிரிப்பா?"

லூர்து போனை வைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தான். ரம்மி விளம்பரத்தைக் கொண்டுவந்த கருத்து எதுவென்று தேடி அழித்தான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் இரண்டு முளைத்திருந்தன. வேறு வழியில்லாமல் சிந்தியாவைக் கூப்பிட்டான். அவள் மதியம் கடைக்கு வந்து, விசிறியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கருத்துப் பெட்டியில் ஏதோ ஒரு வரி தட்டினாள். அடுத்த நொடி தளம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கழகத்தின் பெயர், போட்டோ, எழுத்து எல்லாம் வௌவால் மாதிரி தொங்கின.

"ஐயோ, இன்னா பண்ண?"

"கருத்துதான் எழுதினேன். கூர் அடைப்புக்குள்ள எத போட்டாலும் உன் லைப்ரரி அத எழுத்துன்னு நெனைக்காது, கட்டளைன்னு நெனைக்கும். நான் கவுத்தேன். ரம்மிக்காரன் விளம்பரம் போட்டான். அடுத்து வர்றவன் இன்னா எடுப்பான்?"

லூர்துவுக்கு அப்போதுதான் பாஸ்போர்ட்டுகள் நினைவுக்கு வந்தன. ரீயூனியன் தீவில் நட்பு ஆட்டம் ஆடப் போவதற்காகப் பதினெட்டு உறுப்பினர்கள் தங்கள் பாஸ்போர்ட் நகலை அந்தத் தளத்தில்தான் ஏற்றியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் உள்நுழைந்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். கருத்துக்குள் பதுங்கியிருக்கும் கட்டளை அவர் பெயரால் எதை வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம்.

"இதுக்கு மருந்தே இல்லியா?"

"இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடியே அந்த ஓட்டைய அடச்சு புது பதிப்பு வுட்டுட்டாங்க. ஊரே எறக்கிடுச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி."

அவன் உடனே கருத்துப் பகுதியை மொத்தமாக மூடி, 'பராமரிப்பில் உள்ளது' என்று பலகை மாட்டினான். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பை இறக்கி, முதலில் தன் கணினியில் மட்டும் போட்டுப் பார்த்தான். அது ஒன்றுதான் அவனிடம் இருந்த நல்ல பழக்கம். ரம்மிக்காரனின் கட்டளை பல் பிடுங்கிய பாம்பாக, வெறும் எழுத்தாக நின்றது. சந்தோஷத்தில் கீழே தள்ளிக்கொண்டே போனவன், அல்போன்ஸின் வரிகள் வந்ததும் நின்றான்.

வைரங்களைக் காணோம். வைரம் இருந்த இடத்தில் எல்லாம், இரண்டு பக்கமும் இரட்டை இரட்டையாகக் கூர் அடைப்பு போட்டு, நடுவில் ஒரு பிரெஞ்சு வார்த்தை உட்கார்ந்திருந்தது.

விஷயம் புரிய அவனுக்குக் கால்மணி நேரம் ஆனது. ஒரு வார்த்தையைக் குத்தலாகச் சொல்ல வேண்டுமென்றால் பிரெஞ்சு படித்தவர்கள் அதன் இரண்டு பக்கமும் இரட்டைக் கூர்க்குறி போடுவார்கள். கீபோர்டில் அந்தக் குறி இல்லாததால் அல்போன்ஸ் < > என்ற கூர் அடைப்பை இரண்டிரண்டு தரம் தட்டியிருக்கிறார். பழைய லைப்ரரி உள் அடைப்பையும் வார்த்தையையும் ஏதோ கட்டளை என்று விழுங்கிவிட்டு, வெளி அடைப்பு இரண்டை மட்டும் துப்பியிருக்கிறது. ஊரே அதை வைரம் என்று கொண்டாடியிருக்கிறது.

வார்த்தைகளின் அர்த்தத்தை லூர்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். 'நுல்' என்றால் ஒன்றுக்கும் உதவாத. 'அவேக்ல்' என்றால் குருட்டு. செல்வாம்பாளின் குறியைக் குருட்டுக் கடவுள்தான் இறங்கி வந்து பார்ப்பார். வாயைத் திறக்காத மனிதர் பதிமூன்று வருட எரிச்சலையும் வாரம் தவறாமல் இங்கேதான் கொட்டியிருந்தார். லூர்துவைப் பற்றியும் நான்கு இடத்தில் இருந்தது.

சனிக்கிழமை வந்த சிந்தியா ஒரு பக்கம் படிப்பதற்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாராயணசாமியின் நாற்பத்தொன்றையும் படித்து முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"நாளைக்கு இத யாராச்சும் பாத்தா அப்பா தலைவராகறது இருக்கட்டும், இந்தத் தெருவுல நடக்க முடியாது."

"அடைப்புக்குள்ள இருக்கறத எல்லாம் நான் அழிச்சுடறேன். அஞ்சு நிமிஷ வேல."

சிந்தியா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு எழுதுனத அவருக்குத் தெரியாம நீ மாத்தலாம்னா, ரம்மிக்காரனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?"

லூர்து கையை எடுத்துக்கொண்டான். மாற்றவும் முடியாது, காட்டவும் முடியாது. இரண்டு பேரும் கூடிப் பேசி, திங்கட்கிழமை வரை பலகை தொங்கட்டும் என்று முடிவு செய்தார்கள். முடிந்தால் கல்யாணம் வரைக்கும் தொங்கட்டும் என்று லூர்து தன் தரப்பில் சேர்த்துக்கொண்டான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்குழு. ஆடுகளத்தின் ஓரக் கொட்டகையில் நாற்பது நாற்காலி. முன்னால் பெரிய டி.வி.யில் லூர்துவின் மடிக்கணினி இணைக்கப்பட்டிருந்தது, ரீயூனியன் பயண விவரம் காட்டுவதற்காக. மேசைக்குப் பின்னால் பழைய தலைவர் இராமதாஸ் உட்கார்ந்திருந்தார். மகன் வீட்டோடு போகப் போகிறவர் என்பதால் எதிலும் அக்கறை இல்லாமல் இருந்தார். முன்வரிசையில் அல்போன்ஸ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தலையில் தொப்பியோடு. அவருக்குப் பின்னால் சிந்தியா.

நாராயணசாமி எழுந்து, முசே அல்போன்ஸ் பெயரை முன்மொழிவதாகச் சொன்னார். கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது.

"இந்த மனுஷன் நமக்கு வச்ச வைரத்த எல்லாம் டி.வி.ல போடுப்பா லூர்து. ஒண்ணொண்ணா படிக்கறேன். மத்த கழகத்துக்காரனுக்கு இது மாதிரி ஒரு ஆளு கீறாரா?"

"அது வந்து, பராமரிப்புல இருக்குண்ணே."

"மூணு நாளா இன்னா பராமரிப்பு?" என்றாள் செல்வாம்பாள். "நானும் தொறந்து தொறந்து பாக்கறேன். பலகைதான் தொங்குது."

அல்போன்ஸ் மெதுவாகத் தலையைத் திருப்பினார். தான் எழுதியது மூன்று நாளாக ஊர் கண்ணில் படவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் எழுத்த யாரு மறைச்சது?"

கழகத்தில் அவர் முழு வாக்கியம் பேசிக் கேட்டவர்கள் குறைவு. எல்லாத் தலைகளும் லூர்துவின் பக்கம் திரும்பின.

"நான்தான் முசே. பாதுகாப்புக்காக. பழைய லைப்ரரியில ஓட்ட. புதுசு போட்டா கொஞ்சம் வேற மாதிரி தெரியும்."

"அப்ப பழசயே போடுப்பா" என்றார் நாராயணசாமி. "இத்தினி வருஷம் ஓடுனதுதான?"

தன்னுடைய வேதத்தை வேறொருவர் வாயால் கேட்டபோது லூர்துவுக்கு அது அவ்வளவு நன்றாக இல்லை. பழசும் புதுசும் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, எதைத் தட்டினாலும் அது தளத்தில் ஏறி எல்லார் போனிலும் திறந்துவிடும். ஒரு தட்டு. பழசைத் தட்டினால் வைரம் வரும், தலைவர் வருவார், சாயந்தரம் கல்யாணமும் வரும். கூடவே ரம்மிக்காரனும் வருவான். செல்வாம்பாள் போனைக் கையில் திறந்து வைத்துக் காத்திருந்தாள். சுற்றிலும் அதே மாதிரி இன்னும் பதினேழு போன். அந்தப் பதினெட்டுப் பேரும் தங்கள் பாஸ்போர்ட்டை அவனை நம்பி ஏற்றியவர்கள். சிந்தியாவின் முகத்தைப் பார்த்தான். அவள் உதவி செய்கிற மாதிரி தெரியவில்லை.

மனதுக்குள் தன்னை ஒரு நல்ல கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு, புதுசைத் தட்டினான்.

டி.வி.யில் வரிகள் விரிந்தன. நாராயணசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வைரம் எங்க? நடுவுல இன்னாவோ பிரெஞ்சுல கீதே."

"வைரத்துக்குள்ள எழுதியிருந்தது அதுதான்ணே" என்றான் லூர்து. "பழசு அத முழுங்கிட்டு வெளியில இருந்த அடைப்ப மட்டும் காட்டுச்சு. உங்களுக்கு வைரமாத் தெரிஞ்சது அதுதான்."

"அப்ப உள்ள இன்னும் பெரிய பாராட்டா கீதா!" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. கொட்டகை கலகலத்தது. "முசே, நீங்களே படிச்சு அர்த்தம் சொல்லுங்க!"

அல்போன்ஸ் எழுந்தார். டி.வி.யைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் லூர்து எதிர்பார்த்த கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அப்போ நீங்க யாரும் இத படிச்சதே இல்லியா?"

"எங்க படிக்கறது? இப்பதான வருது" என்றாள் செல்வாம்பாள்.

"பதிமூணு வருஷமா?"

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எல்லாம் படிச்சு, அர்த்தமும் விசாரிச்சுக்கிட்டுதான் மறுவாரம் எனக்குக் காபி வாங்கிக் குடுக்கறீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு எழுதியும் சிரிக்கறாங்களே, எவ்வளவு பெரிய மனசுன்னு வீட்டுல சூசைமேரிகிட்ட சொல்லுவேன். அவகூட நம்பல."

"இப்ப அர்த்தத்த சொல்லுங்க முசே" என்றார் நாராயணசாமி. குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

கூட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் அப்பாவும் மகளும்தான். 'நுல்' என்றால் ஒப்பற்ற என்று அவர் சொல்லியிருந்தால் நாற்பது பேரும் கைதட்டி மாலை போட்டிருப்பார்கள். சொல்லிவிடமாட்டாரா என்று லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டது உண்மை.

"ஒண்ணுக்கும் ஒதவாத" என்றார் அல்போன்ஸ். "நாராயணசாமியின் இன்றைய ஆட்டம் ஒன்றுக்கும் உதவாத ஆட்டம்தான்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் நிறுத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற எழுத்தராக, அடுத்ததைப் படித்தார், அதற்கடுத்ததைப் படித்தார். கோணல் கை. மாட்டுவண்டி நடை. குருட்டுக் கடவுள் வந்தபோது செல்வாம்பாள், "அடப்பாவி மனுஷா!" என்று வாயில் கை வைத்தாள். இராமதாஸுக்குத் தன்னைப் பற்றி என்ன இருக்கும் என்று திடீரென்று அக்கறை பிறந்தது. அது 'தூங்குமூஞ்சி' என்று வந்தது. முதலில் சிரித்தவன் யாரென்று தெரியவில்லை. அடுத்தவனைத் திட்டியிருப்பதைக் கேட்டு இவன் சிரித்தான், இவன் முறை வந்ததும் அவன் சிரித்தான்.

நாராயணசாமி மட்டும் சிரிக்கவில்லை. நின்றவாறே எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கு மொத்தம் நாப்பத்தொண்ணு. எல்லாமே இப்படித்தானா?"

"எல்லாமே" என்றார் அல்போன்ஸ்.

"ஆட்டமும் அப்படித்தான் இருந்துச்சு, அத நான் இல்லன்னு சொல்லல." நாராயணசாமி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஆனா நாப்பத்தொரு நாளும் கடைசி குண்டு வரைக்கும் நின்னு பாத்திருக்கய்யா. என் பொண்டாட்டி புள்ள ஒரு நாளு வந்து பாத்ததில்ல."

அல்போன்ஸ் தொப்பியை எடுத்தார். ஒரு விரற்கடை அல்ல, தலையிலிருந்து முழுக்க எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, தலைவர் பதவி தனக்கு வேண்டாம் என்றார். வேண்டாம்தான் என்று கழகமும் ஒருமனதாக ஒத்துக்கொண்டது. செல்வாம்பாளைத் தலைவராக்கினார்கள். அவள் போட்ட முதல் உத்தரவு, முசே இனிமேலும் வாராவாரம் எழுத வேண்டும், ஆனால் தமிழில் எழுத வேண்டும், திட்டுவதைத் திட்டு என்று தெரிகிற மாதிரி திட்ட வேண்டும்.

கூட்டம் கலைந்தது. லூர்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சந்தோஷமான நாள் பார்த்துப் பெண் கேட்க வந்தவன், அந்த மனிதரின் வாழ்நாளிலேயே மோசமான நாளைத் தன் கையால் உண்டாக்கியிருந்தான். காலாப்பட்டு ப்ரொஃபசர் மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு கண்முன் வந்து நின்றார். நிழல் விழ, நிமிர்ந்தான். அல்போன்ஸ்.

"அந்தப் பழச திருப்பிப் போட முடியுமா?"

"முடியாது முசே."

"எனக்காக."

"உங்களுக்காகவும் முடியாது. ஓட்ட." இனிமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றவே, அதே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டான். "சிந்தியாவ நான் கட்டிக்க ஆசப்படறேன். அவளுக்கும் சம்மதம். இன்னைக்குக் கேக்கலாம்னுதான் இருந்தேன்."

அல்போன்ஸ் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் ஆடுகளத்தில் கிடந்த குண்டுகளை மிகுந்த சிரத்தையோடு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உன்ன பத்தியும் எழுதியிருந்தேனே. படிச்சியா?"

"வெள்ளிக்கிழமையே படிச்சேன். நாலு."

"இன்னா எழுதியிருந்தேன்?"

"சோம்பேறி. சோம்பேறி. கழுதை. சோம்பேறி."

"அது தெரிஞ்சும் எல்லார் முன்னாடியும் தொறந்தியா?"

"ஆமா முசே."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"சோம்பேறின்னு எழுதுனது தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன். கழுதைன்னது அப்படியே இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் உங்க அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா."